பதினொரு அபராதம்

சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளுக்குப் பதினாறு வருஷ அனுபவம். தையல் கம்பெனியில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் காலர் அக்கா. கம்பெனியை மூடியபின் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அரைநாள் வேலை கிடைத்தது. விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். அங்கே மெஷின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

கம்பெனியில் இருந்தபோது தவணைக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கியிருந்தாள். ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போய்விடும். புதுச் சம்பளமோ பத்தாம் தேதிதான் வரும். ஐந்தாம் தேதி கணக்கில் பணமில்லை என்று வங்கி ஓர் அபராதம் போட்டது. ஏழாம் தேதி மறுபடி முயன்று இன்னொன்று. சம்பளம் வந்ததும் அபராதத்தைத்தான் முதலில் பிடித்தார்கள். ஆறு மாதத்தில் பதினொன்று ஆகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மாத வாடகை. அந்த மாதங்களில் அவள் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தாள்.

வங்கிக்குப் போய்க் கேட்டாள். கவுன்ட்டரில் இருந்தவர், அது கம்ப்யூட்டர் பிடிப்பது, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று நிமிராமலே சொன்னார். அவள் நகரவில்லை. பின்னால் இருந்த மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, விவரமெல்லாம் கேட்டுக்கொண்டார்.

“வேலை போனதை பேங்க்ல சொன்னீங்களாம்மா?”

“அதெல்லாம் சொல்லணும்னு தெரியாது சார்.”

கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு அபராதத்தைத் திருப்பித் தர வழி இருக்கிறது, ஆனால் நாமாகக் கேட்டால்தான் தருவார்கள் என்று அவர் விளக்கினார். ஒரு படிவத்தைக் கொடுத்து, ஒரு கடிதமும் சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார்.

வருமானம், வாடகை, கரண்ட் பில் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டாள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் பேனா நின்றது; வீட்டில் அவள் ஒருத்திதான். கடைசியில் தம்பியின் நம்பரைப் போட்டாள். அவனோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

கடிதம் எழுத மூன்று நாள் பிடித்தது. மாடிப்படியில் பார்த்துச் சிரிக்கிற பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட அவளுக்கு வேலை போனது தெரியாது. முகம் தெரியாத ஓர் அதிகாரிக்கு, பசியோடு படுத்ததை எழுதும்போது கூசியது. அந்தத் தாளைக் கிழித்தாள். பிறகு மறுபடியும் அதையே எழுதினாள். கணக்கு விவரத்தில் பதினொரு இடத்திலும் கோடு போட்டு, தபாலில் சேர்த்தாள்.

ஐந்து வாரம் கழித்து, வேலை முடிந்து வெளியே வரும்போது செய்தி வந்தது. ஒன்பது அபராதத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். தவணைத் தேதியும் பன்னிரண்டாக மாறியிருந்தது. நின்ற இடத்திலேயே தம்பியைக் கூப்பிட்டாள். மணி வெகுநேரம் அடித்தபின் எடுத்தான்.

“அக்கா, இப்ப என் கையில ஒண்ணுமே இல்லக்கா. பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டினதுல எல்லாம் போச்சு.”

அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“பணத்துக்குக் கூப்பிடலடா. பேங்க்ல பிடிச்சதைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அதைச் சொல்லலாம்னுதான்.”

நல்லது அக்கா என்றான். ஆபீஸில் இருப்பதாகவும் அப்புறம் பேசுவதாகவும் சொன்னான். சரி என்று அவளே வைத்துவிட்டாள்.

மறுநாள் வங்கிக்குப் போனாள். மேனேஜர் அறையில் கூட்டம். அவர் தலை நிமிர்ந்து அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“வந்துச்சாம்மா?”

“ஒம்பது வந்துச்சு சார்.”

“பரவாயில்லையே. வீட்ல எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும்.”

“ஆமா சார்” என்றாள் அவள். “எல்லாருக்கும் நிம்மதிதான்.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அடுத்த ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டதால், கொஞ்சம் ஒதுங்கி நின்றுவிட்டு வெளியே வந்தாள்.