ராமப்பன் குறி போடாத லோடு

ஓசூர் சாலையோரத்து ஓட்டுத் தொழிற்சாலையில் ராமப்பன் தட்டிப் பார்த்துச் சுண்ணாம்புக் குறி போடாமல் ஒரு லோடும் வாசலைத் தாண்டாது. நல்ல ஓடு கணீரென்று பேசும். வெடித்த ஓடு தொண்டை கட்டியவன்போல் முனகும். அன்று பெங்களூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் லாரியில் பத்துக்கு மூன்று முனகின. நகத்தால் சுரண்டினார். வெடிப்பைச் செம்மண் குழம்பு பூசி மறைத்திருந்தார்கள்.

சூளை அவருடைய தம்பி மாதப்பனின் பொறுப்பு.

"யாருடா பூசுனது?"

"நான்தாண்ணா. தப்பு பண்ணவன் பேரை வாசல் பலகையில எழுதறாங்களே. சந்தைக்குப் போற சனமெல்லாம் நின்னு படிக்குது. நம்ம அப்பன் பேரு கெடக் கூடாதுன்னுதான்..."

"அப்பன் பேருக்குச் சேத்தைப் பூசிட்டியேடா!"

புது மேனேஜர் நாராயணப்பன் அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தார். "என்னாய்யா ராமப்பா, லாரிக்காரன் கத்தறான். குறியப் போட்டு அனுப்பு."

"போட மாட்டேங்க. மழைக்கு ஒழுகும். புள்ளைங்க உக்கார்ற எடம்."

"அப்ப உன் தம்பி பேரு பலகையில ஏறும். சம்மதமா?"

ராமப்பனின் முகம் சிவந்தது. அவர் வீட்டுப் பெயரை இதுவரை யாரும் சந்தியில் இழுத்ததில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

"எழுதுங்க. கீழ ஒங்க பேரையும் எழுதுங்க."

"என் பேரா?"

"ஏழு நாள் நெழல்ல காயற ஓடுங்களை நாலே நாள்ல சூளையில ஏத்தச் சொன்னது யாருங்க? உள்ள ஈரம் இருந்தா வெடிக்காம என்ன பண்ணும்? வெடிக்குதுன்னு மொத மொத வந்து சொன்னவன் பேரைத்தான் பலகையில ஏத்துனீங்க. அப்பறம் எவன் வாயத் தொறப்பான்?"

"நாளையிலேர்ந்து உனக்கு வேலை கெடையாது."

"வேலைய எடுத்துக்குங்க. என் குறிய எடுக்க முடியாது."

ஓடு அடுக்கும் சென்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். "அண்ணா, என் அடுக்குலயும் மறைச்சது இருக்குது. எடுத்தாரட்டுமா?"

"எடுத்தாம்மா."

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள். சிறிது நேரத்தில் வெடித்த ஓடுகள் மேனேஜரின் காலடியில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன. மாதப்பன் யாரையும் கேட்காமல் லாரியில் ஏறி, அடுக்கியதை இறக்க ஆரம்பித்தான்.

நாராயணப்பன் குனிந்து ஓர் ஓட்டை எடுத்தார். விரலால் தட்டினார். முனகியது.

"எத்தனை நாள் காயணும்?" என்றார், குரலை இறக்கி.

"ஏழு," என்றார் ராமப்பன். "மழைன்னா ஒம்போது. அதுல ஒரு நாள் கொறைஞ்சாலும் என்னைக் கூப்புடாதீங்க."