இரண்டு சர்க்கார்

ஜப்பானியர்களின் கபாஸ் போர்க்கைதி முகாமில் தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றபோதுதான் கார்ப்பரல் எவுசெபியோவுக்கு அந்தச் செய்தி எட்டியது. இனி எதிர்த்துச் சண்டை போடமாட்டேன் என்று கையெழுத்துப் போடுகிற பிலிப்பைன்ஸ்காரர்களை ஜப்பானியர்கள் வீட்டுக்கு விடுகிறார்களாம்.

"போட்டுட்டுப் போயிடலாம் அண்ணே," என்றான் பின்னால் நின்ற ருஃபோ. எவுசெபியோவின் கீழ் இருந்த பதினோரு பேரில் மிச்சம் அவன் ஒருத்தன்தான். "மணிலாவுல ஜப்பான்காரன் வச்சிருக்கிற சர்க்காரும் அதைத்தான் சொல்லுதாம்."

"நம்ம சர்க்கார் தப்பிச்சுப் போய் அமெரிக்காவுல இல்ல இருக்கு?"

"ரெண்டு சர்க்கார் இருந்தும் நமக்கு ஒரு பிடி உப்புக்கு வழியில்ல."

எவுசெபியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டான் போர்முனையில், உதவிக் கப்பல் வருகிறது, பொறுங்கள் என்று அந்தப் பதினோரு பேரிடமும் தினமும் சொன்னவன் அவன்தான். அவனுக்குச் சொன்னவர் கேப்டன் அக்கவொய்லி. கப்பல் வரவில்லை. வெள்ளைத் துணியைத் தூக்கு என்றுதான் உத்தரவு வந்தது. அதற்கும் கீழ்ப்படிந்தான்.

கேப்டன் மலேரியாவில் மூங்கில் தட்டியில் கிடந்தார்.

"கையெழுத்துப் போடலாமா சார்?"

"போடு. உயிரோட போய்ச் சேரு."

"கப்பல் வராதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாதுடா. ரேடியோவுல சொன்னாங்க, நம்பினேன்."

பொய் சொன்னேன் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால் கோபப்பட்டாவது மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். இப்போது யார்மேல் கோபப்படுவது?

"நீங்க போடுவீங்களா சார்?"

"எனக்கு மேலேர்ந்து உத்தரவு ஒண்ணும் வரலையே."

"அப்ப நான் மட்டும்?"

"உனக்கு மேல நான் இருக்கேன்ல?"

அது ஆறுதலா, உத்தரவா? எதுவும் விளங்காமலே மறுநாள் கையெழுத்துப் போட்டான். ருஃபோவும் போட்டான். ரயிலேறி இருவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு வாரத்தில் கேப்டன் முகாமிலேயே இறந்துபோன செய்தி வந்தது. கடைசிவரை அவர் கையெழுத்துப் போடவில்லையாம்.

அறுவடை முடிந்தபின், ஜப்பானியர்களை எதிர்த்து மலையில் ஒளிந்திருந்த படையிலிருந்து ஒருவன் வந்தான்.

"துப்பாக்கி பிடிச்ச கை வேணும். சர்க்கார் உத்தரவு."

"எந்த சர்க்கார்? உனக்கு யார் சொன்னாங்க?"

"எங்க கேப்டன்."

"அவருக்கு?"

வந்தவன் விழித்தான். "அதையெல்லாம் யாருய்யா கேக்கிறாங்க?"

ருஃபோ உடனே கிளம்பிவிட்டான். "வா அண்ணே," என்று கையைப் பிடித்து இழுத்தான். எவுசெபியோ போகவில்லை. போகாதே என்று தடுக்கவும் இல்லை. வீட்டிலிருந்த அரிசியில் பாதியைக் கட்டிக் கொடுத்தான்.

வரப்பில் அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். தான் செய்தது சரியா தப்பா என்று யாரைக் கேட்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை.