ஒரு கிண்ணம் தண்ணீர்

போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, சோன்மி அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்தாள். மறுமுனையில் மாதா கோயில் அன்னா அக்கா. அவளுக்கு சோன்மி எப்போதும் ஞானஸ்நானப் பெயரான லூசியாதான்.

"சாமியார் வண்டி மலைப்பாதையில பனியில மாட்டிக்கிச்சு லூசியா. உயிர் போற நேரத்துல யார் வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம். நீயே குடு."

"நானா?" சோன்மி குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவோட ஜெபமாலையை அடுப்புல போட்டவரு அக்கா இவரு. அம்மா செத்தன்னிக்குத் துறைமுகத்துல சோஜு குடிச்சிட்டுக் கெடந்தாரு. நான் இன்னும் மன்னிக்கல. இந்தக் கையால குடுத்தா செல்லுமா?"

"உன் கைக்கு என்னடி பவுசு? குடுக்கறது ஆண்டவர். அப்பா கேட்டாரா, இல்லையா?"

கேட்டிருந்தார். காலையில், கஞ்சியை ஒதுக்கிவிட்டு. "உங்கம்மா இருக்கிற எடத்துல என்னை வாசல்லயாவது உடுவாங்களா?"

"செருப்பு கழட்டுற எடம் காலியாத்தான் இருக்கும்" என்று வெடுக்கென்று சொல்லியிருந்தாள். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது.

"கேட்டாரு" என்றாள் இப்போது.

"அப்புறம் என்ன? குழாய்த் தண்ணி போதும். நெத்தியில மூணு தடவை ஊத்து. யோசேப்புன்னு பேரு வை. நான் நடந்தாவது வந்துர்றேன்."

சமையலறையில் கிண்ணத்தோடு நின்றாள். அப்பாவின் மூச்சு இழுத்து இழுத்து வருவது அங்கே வரை கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் போதும். எதுவும் செய்ய வேண்டியிருக்காது.

குழாயைத் திறந்தாள். தண்ணீர் விரலைக் கடித்தது. கிண்ணத்தைப் பாதி கொட்டிவிட்டு, கெட்டிலிலிருந்து வெந்நீர் சேர்த்தாள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சூடு அதிகம். மறுபடி கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து, கட்டிலருகே எடுத்து வந்தாள்.

"யோசேப்பே, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உமக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

தண்ணீர் நெற்றியிலிருந்து காதோரம் இறங்கித் தலையணையில் ஊறியது.

"கதகதன்னு இருக்கு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். அதன் பிறகு அவர் பேசவில்லை.

அன்னா அக்கா முழங்கால்வரை பனியோடு உள்ளே வந்தபோது அப்பாவின் மூச்சு அடங்கியிருந்தது. அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"குடுத்தியா?"

சோன்மி தலையசைத்தாள். பிறகு கட்டிலருகே குனிந்தாள்.

"தலையணை ஈரமா இருக்கு அக்கா. தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, திருப்பி வச்சிர்றேன்."