ஃபுரீர் முன்னால் வருவான்

1

இந்தக் கதை ராதாமணிக்கு வேலையோடு வேலையாக வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கலைக்களஞ்சியம் தயாரிக்கிறவர்கள் மொழிபெயர்க்கச் சொல்லி அவளுக்குக் கட்டுரைகள் அனுப்புவார்கள். திமிங்கலம் வந்தது, எரிமலை வந்தது, ஒருநாள் ஃபுரீர் வந்தான்.

ஃபுரீர் என்பது ஸ்வீடன் நாட்டுப் படையில் ஒரு பதவி. அதிகாரிகளுக்குக் கீழே, சாதாரணச் சிப்பாய்களுக்கு மேலே. பிரெஞ்சு மொழியில் தீவனத்தைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து வந்த பெயராம். இன்றைக்கும் அந்தப் பதவி இருக்கிறது, பழைய வேலைதான் இல்லை. பழைய வேலை இது: படை ஓர் ஊருக்குள் நுழையும் முன்பே அவன் வந்துவிட வேண்டும். எந்த வீட்டில் எத்தனை பேரைத் தங்கவைக்கலாம், மாவு எங்கே, வைக்கோல் எங்கே என்று வீடு வீடாகப் பார்த்துவைக்க வேண்டும்.

"படை வருவதற்கு முன்னால் அவன் வருவான்" என்று தட்டச்சு செய்ததும் ராதாமணியின் கை நின்றுவிட்டது. பர்மாவில், யாங்கோனின் தின்கன்ஜூன் பேட்டையில், மூன்றாம் மாடி வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மகன் முரளிதரன் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டாயமாகப் படைக்கு எடுக்கிற வயது.

கட்டுரையை அனுப்பிவிட்டாள். அந்த வரி மட்டும் போக மாட்டேன் என்றது. சரி, கதையாக எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்தாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: பனி பெய்துகொண்டிருந்தது.

[பனியை அவள் பார்த்தது குளிர்பெட்டிக்குள் மட்டும். அடித்துவிட்டாள்.]

இரண்டாம் முயற்சி: ஃபுரீர் நீல்ஸ் கிராமத்துக்குள் நுழைந்தபோது நாய்கள் குரைத்

[கீழே தெருவில் நிஜமாகவே நாய் குரைத்தது. சன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தாள். மீன்காரி. ஆனாலும் அந்த வாக்கியத்துக்குத் திரும்ப முடியவில்லை.]

மூன்றாம் முயற்சி: ஒரு விதவை இருந்தாள். அவளுக்கு ஒரு மகன்.

இதை மட்டும் அடிக்கவில்லை.

3

அடுத்த சங்கடம் நீல்ஸ். முதலில் அவனுக்கு முரட்டு மீசையும் பூனைக்கண்ணும் கொடுத்தாள். வாசகர்களே, உங்களுக்கும் அதுதான் வசதி. கெட்டவனைக் கண்டு பயப்படுவதில் சிரமமே இல்லை. ஆனால் எழுத எழுத நீல்ஸ் பொம்மையாகிப் போனான். அவளுக்குத் தெரிந்த ஃபுரீர் அப்படி இருக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்தவர் விநாயகமூர்த்தி. பத்து வீடுகளுக்குப் பொறுப்பானவர். அரசாங்கத்தின் பேட்டை ஆபீசிலிருந்து யார் வருவதானாலும் அதற்கு முன் அவர் வந்து, வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் விருந்தாளி என்று விசாரித்துவிட்டுப் போவார். பர்மாக்காரர்கள் வாயில் அவர் பெயர் "ஊ தான் ஸோ", தமிழர்களுக்கு மூர்த்தியண்ணன். ராதாமணியின் கணவர் இறந்தபோது பாடையில் ஒரு முனையைத் தூக்கியவர். காளி கோயில் பொங்கலை வாழையிலையில் மடித்துக்கொண்டுவந்து தருகிறவர்.*

அதனால் மீசையை எடுத்துவிட்டாள். நீல்ஸ் இப்போது கதவைத் தட்டி, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு, "மன்னியுங்கள் அம்மா" என்று சொல்லி உள்ளே வந்தான். பயம் இரண்டு மடங்காயிற்று.

(* முந்திரியைப் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் தருவார் என்று முரளிதரன் கேலி செய்வான். அதையும் இங்கே சொல்லிவைக்கத் தோன்றுகிறது.)

4

இனி நடந்தது.

படைக்கு ஆள் எடுக்கப் பேட்டையில் சீட்டுக் குலுக்கினார்கள். முரளிதரன் பெயர் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் ராதாமணி அவன் தோளில் பையை மாட்டி, எதிர்வீட்டு ஜன்னல்களுக்குக் கேட்கும்படி, "மாவ்பி போனதும் பெரியம்மாகிட்ட போனைக் கொடு" என்று சொல்லி வழியனுப்பினாள். அவன் தெருமுனை வரை நடந்தான், பின்சந்து வழியாகத் திரும்பி வந்தான். சாலையில் சோதனைச் சாவடிகள் இருக்கையில் நிஜமாகவே வெளியூரான மாவ்பிக்குப் பஸ் ஏற்ற அவளுக்குத் துணிவில்லை. வீட்டுக்குள் அவன் ஒளிந்திருந்த இடம்

[இல்லை. இதை எழுதமாட்டாள்.]

பயம் வந்தால் வேலையில் விழுந்து கிடப்பது அவள் வழக்கம். வீடு முழுக்கக் கூட்டினாள், கழுவினாள், தலைக்குக் குளித்தாள். உச்சி வேளையில் மூர்த்தியண்ணன் வந்தார்.

"என்ன தங்கச்சி, பையன் கிளம்பிட்டானாமே?"

"காலையிலயே மாவ்பிக்குப் போயிட்டாண்ணே. கனகாம்பா அக்கா வீட்டுக்கு. வயல்ல ஆளில்லையாம்."

"பஸ்ஸுலயா?"

"பஸ்ஸுலதான்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், ஈரத்தரையில் கால் பட்டதும் நின்றார். தரையைப் பார்த்தார். பிறகு அவள் தலையில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தார்.

"வீடு கழுவினியா?"

"வெள்ளிக்கிழமையாச்சே."

"தலைக்கும் ஊத்திக்கிட்டியா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை பயணம் கிளம்பிப் போன வீட்டை எந்தத் தமிழச்சியும் உடனே கூட்டமாட்டாள், கழுவமாட்டாள், தலை முழுகமாட்டாள். சாவு வீட்டில்தான் ஆளை அனுப்பிய கையோடு அதெல்லாம் செய்வது. பிள்ளை போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை விளக்குமாற்றைத் தொட மாட்டார்கள். பேட்டை ஆபீஸ் பர்மாக்காரர் யாராயிருந்தாலும் இந்தச் சுத்தமான வீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். மூர்த்தியண்ணனுக்கு அந்த ஈரத்தரையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"போய்ச் சேந்துட்டேன்னு போன் பண்ணிட்டானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அவளோ "இன்னும் இல்லண்ணே" என்றாள்.

அந்தக் கேள்வி அவர் நீட்டிய கையா, வைத்த பொறியா என்று அன்றிலிருந்து யோசிக்கிறாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த லஃபெயேவை, அந்தப் பால் தேநீரை, அடிவரை குடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எலியாக இருக்கலாம். இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

எழுந்திருக்கும்போது சொன்னார்: "சாயங்காலம் ஆபீசுல இருந்து வருவாங்க. நானும் கூடவே வருவேன். அதுக்குள்ள தரை காஞ்சிரும்."

அவர் படியிறங்கிய சத்தம் ஓய்ந்த பிறகு உள்ளிருந்து பர்மிய வாடையடிக்கும் தமிழில் மகன் கேட்டான். "அமே, அவரு என்ன சொன்னாரு?"



5

சாயங்காலம் வரும்வரை அவள் நீல்ஸை வைத்து முடிவுகள் எழுதிப் பார்த்தாள். வேறென்ன செய்வது?

ஒரு முடிவில் நீல்ஸ் விதவை வீட்டு மாடியை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "இங்கே ஆண்பிள்ளை யாரும் இல்லை" என்று படையிடம் சொல்கிறான். விதவை அழுகிறாள். எழுதிய ராதாமணியும் அழுதாள். பிறகு, இப்படி எழுதினால் இப்படியே நடக்கும் என்று தான் நம்புவது தெரிந்து, வெட்கப்பட்டு அழித்தாள்.

இன்னொன்றில் நீல்ஸுக்கும் ஒரு மகன். தன் மகனைக் காப்பாற்ற, அவன் பெயருக்குப் பதில் வேறு வீட்டுப் பையன் பெயரைப் படைக்குக் கொடுத்தாக வேண்டும். [மூர்த்தியண்ணனுக்கும் மகன் உண்டு. இதை எழுதும்வரை அவளுக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.]

மூன்றாவதில் நீல்ஸ் வாசலில் நின்று

6

வந்தார்கள். என்ன நடந்தது என்று ராதாமணிக்குத் தெரியும். சொல்லமாட்டாள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். மூர்த்தியண்ணன் வாயைத் திறக்கவில்லை என்று எழுதினால் அவர் கழுத்துக்குக் கயிறு. திறந்தார் என்று எழுதினால், ஒருவேளை அவர் திறக்காதிருந்தால், பாடை தூக்கிய மனிதருக்குச் செய்யும் துரோகம். பேட்டையை மாற்றியிருக்கிறாள். பெயர்களையும் மாற்றியிருக்கிறாள். விநாயகமூர்த்தி என்று அங்கே யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் உண்மை. அதையும் மாற்றியிருக்க வேண்டுமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. இதுவரை அந்தப் பையன் வீட்டில் இருந்தது தாய்க்குத் தெரியும், மூர்த்தியண்ணனுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். உங்களைத் தேடியும் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் ஒருவர் வருவார். நல்ல மனிதராகத்தான் இருப்பார், உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரிந்தவராக. உட்கார்ந்து, தேநீர் குடித்து, கடைசியில் முரளிதரன் எங்கே என்று சாதாரணமாகக் கேட்பார்.

பதிலை இப்போதே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ராதாமணி சொல்லிப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.