மூன்றாவது பின்

பல் ஆஸ்பத்திரிக்குக் கீழே, மாடிப்படியை ஒட்டி இருந்த அந்த ஒற்றை ஷட்டர் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிடார் வாசிக்கிறவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. "வால்வுக்காரர் கடை எது?" என்று கேட்டால் எதிர்ப் பூக்கடையில் கூடக் கை காட்டுவார்கள். கண்ணாடிக் குடுவைக்குள் செம்மஞ்சளாய்க் கனலும் வால்வுகள் வைத்த பழைய பாணி ஆம்ப்ளிஃபையரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, நாலு பாகத்தை மாற்றி, ஒலியை வெண்ணெய் மாதிரி ஆக்கித் தருவார் என்று அவருக்குப் பேர். மேலே பல் பிடுங்கப்படுகிறவர்களின் சத்தத்தைக் கீழே கிடார் சத்தம் அமுக்கிவிடுவதால் டாக்டர் தனக்குத்தான் வாடகை கொடுக்க வேண்டும் என்று அவரே ஜோக் அடிப்பார்.

அப்படிப் பேர் வாங்கிய மனிதர் எட்டு மாதமாக ஒரு வால்வு ஆம்பைக்கூடத் திறக்கவில்லை. இது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

வால்வு ஆம்பில் ஒரு சங்கதி உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டர்கள் நானூறு வோல்ட்டைத் தேக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். முதலில் அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இருபது வருடமாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அவர் சொன்ன பாடம் இது. ஒருநாள் மதியம், டீ குடித்துவிட்டு வந்த சுறுசுறுப்பில், அவரே மறந்தார். ஸ்டூலோடு பின்னால் போய் இரும்பு அலமாரியில் விழுந்தார். இரண்டு விரல்கள் இரண்டு நாளைக்கு மரத்துக் கிடந்தன. மனைவியிடம் ஸ்டூல் சறுக்கிவிட்டது என்று சொன்னார்.

விரல்கள் சரியாகிவிட்டன. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வால்வு ஆம்பின் திருகாணியில் ஸ்குரூ டிரைவரை வைத்தாலே உள்ளங்கை வியர்த்தது, காதுக்குள் நாடி துடித்தது. "பார்ட்ஸ் வரணும், ஆர்டர் போட்டிருக்கேன்" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினார். கேபிள் ஒட்டுவது, ஸ்பீக்கர் காகிதம் மாற்றுவது என்று காலம் ஓடியது. வெளியே சொல்ல நாக்கு வரவில்லை. நீச்சல் சொல்லித் தருகிறவன் தண்ணீரைப் பார்த்து நடுங்குகிற கதை அல்லவா?

அந்த நேரத்தில்தான் மச்சான் தன் ஆம்பை வீட்டுக்கே கொண்டுவந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வார நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரோடு சேர்ந்து மேடையில் கிடார் வாசிப்பார். வேனில் கத்துகிற நாற்பது பிள்ளைகளைவிட அந்த ஒரு ஆம்ப்தான் தன்னைப் படுத்துகிறது என்றார்.

"மாப்ள, சத்தம் கம்பளியப் போத்திக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு. உயிரே இல்ல. அஞ்சு வாரத்துல எங்க டிரைவர் சங்கத்து விழா. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

முடியாது என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. ஆனால் தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்த மனைவி, "அவர் கை வெச்சா பேசும்ண்ணா" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். இவர் சாப்பாட்டு மேஜையிலேயே ஒரு காகிதத்தை எடுத்துப் படம் வரைந்தார். இந்த இரண்டு கபாசிட்டரையும் மாற்றினால் கனத்த தந்தி குழறாது, முதல் வால்வின் கீழே இருக்கிறதைச் சின்னதாக்கினால் மூடாக்கு விலகும் என்று விளக்கினார். கடைசியில் பேனாவால் தட்டிச் சொன்னார்: "அப்புறம் இந்த ரெண்டு பின் ஒயர். இது பழைய ஏற்பாடு மச்சான், பெட்டியோட இரும்புக்கு எர்த்தே கிடையாது, கரண்ட் கசிஞ்சா ஆள் மேலதான் பாயும். ஒயரை மாத்தி மூணு பின் போட்டுடறேன். சத்தத்தவிட இது முக்கியம்."

ஐந்து வாரத்தில் பின்பலகையின் திருகாணி இரண்டைத் தளர்த்தினார். திரும்ப முடுக்கினார். அதுதான் நடந்த வேலை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மச்சான் போன் செய்து, மாலை வருவதாகச் சொன்னார். வால்வுக்காரர் பெட்டியைத் துடைத்தார். முன்னால் இருந்த குமிழ்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்டினார். பிறகு, பழைய இரண்டு கம்பி ஒயரின் நுனியில் இருந்த பிளக்கை வெட்டிவிட்டு ஒரு புது மூன்று பின் பிளக்கைப் பொருத்தினார். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. மூன்றாவது பின்னில் கோர்க்க ஒயரே இல்லை. அது வெறுமனே நின்றது. பார்வைக்கு மட்டும் எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. விழா முடியட்டும், பிறகு நிதானமாகச் செய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மச்சான் வந்து கிடாரைச் செருகித் தந்திகளை எல்லாம் சேர்த்து ஒருமுறை மீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொருமுறை மீட்டினார்.

"மாப்ள! என்ன பண்ணீங்க?"

"சொன்னதெல்லாம்தான்."

"அந்தக் கம்பளி போயிடுச்சு மாப்ள. தெளிவா, மணி மாதிரி... கேளுங்க, கேளுங்க."

வால்வுக்காரர் கேட்டார். நேற்றைக்கு இருந்த அதே சத்தம்தான். ஆனால் எதிரே இருந்த மனிதர் நிஜமாகவே நன்றாக வாசித்துக்கொண்டிருந்தார், விரல்கள் பத்து வயது குறைந்த மாதிரி ஓடின. காது எதிர்பார்த்ததைக் கேட்கும் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதை நம்பிப் பாராட்டு வாங்குவது மட்டும் அவருக்குப் புதிது. தலையாட்டினார்.

சங்கத்து விழா ஞாயிறு பிற்பகல், ஒரு பொது அரங்கில் நடந்தது. மச்சான் கிடாரைத் தோளில் மாட்டுவதற்கு முன்பு மைக்கைப் பிடித்து, "இன்னைக்கு நீங்க கேக்கப்போற சத்தம் எங்க மாப்பிள்ளை கைவண்ணம்" என்று அறிவித்தார். முந்நூறு பேர் கைதட்டினார்கள். மனைவி பெருமையோடு இவரை முழங்கையால் இடித்தாள். எழுந்து கும்பிட வேண்டியதாயிற்று. கூசிப்போய் எழுந்தார், அதைவிடக் கூசிப்போய் உட்கார்ந்தார்.

நாலு பாட்டு போனது. ஐந்தாவதுக்கு மச்சானின் மகள் மேடையேறினாள். இருபத்திரண்டு வயது ஆகியும் வீட்டில் அவளுக்குப் பேர் பாப்பாதான். அப்பாவின் கிடாரை வாங்கி மாட்டிக்கொண்டு, தந்திகளில் கை வைத்து, பாடுவதற்காக மைக்குக்கு அருகே வாயைக் கொண்டுபோனாள்.

டப் என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் பின்னால் தூக்கி எறியப்பட்டது போல விழுந்தாள். கிடார் அவள் மேலேயே விழுந்தது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் உதடு கிழிந்து மூன்று தையல் போட வேண்டியிருந்தது, முன்பல்லில் ஒரு முனை போயிற்று. ஆனால் அது பிறகு தெரிந்த விஷயம். அந்த நிமிடத்தில் மேடையில் ரத்தமும் கூச்சலும்தான் இருந்தன. மச்சான் மேடையிலிருந்து குதித்து, அரங்கத்து எலெக்ட்ரீஷியனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"என்னய்யா லைன் குடுத்திருக்க? என் பொண்ணக் கொல்லப் பாத்தியே!"

"சார், காலைலதான் மீட்டர் வெச்சுப் பாத்தேன். என் லைன்ல தப்பு இல்ல சார்." நாற்பது வயது இருக்கும் அந்த ஆளுக்கு. மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

அரங்க மேனேஜர் ஓடிவந்தார். யாரோ ஒருவர், "வால்வுக்காரர் இருக்காரே, அவரையே கேளுங்க" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. என்ன நடந்தது என்று அந்தச் சத்தம் கேட்டவுடனேயே அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது. ஸ்விட்ச் போர்டு பக்கம் போனார். குனிந்து எதையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"லைன்லதான் ஏதோ இருக்கணும்" என்றார்.

எலெக்ட்ரீஷியன் அவரை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். குழப்பமாகப் பார்த்தான், தன் வேலையைத் தானே சந்தேகிக்கிறவனைப் போல. மேனேஜர் அவனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை அவன் கடைக்கே வந்துவிட்டான். ஆம்ப் முந்தின நாளே கடைக்கு வந்து மூலையில் இருந்தது. வால்வுக்காரர் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்.

"அண்ணே, சண்டை போட வரல. ராத்திரி பூரா யோசிச்சேன், எனக்குப் புரியல. பன்னெண்டு வருஷமா அங்க வேலை பாக்கறேன். நீங்க விஷயம் தெரிஞ்சவரு. எங்க தப்பு விட்டேன்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா அதையாவது திருத்திக்குவேன்."

வால்வுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொல்லவா என்று கேட்டார். அவன் வேண்டாம் என்றான். துணியை விலக்கி, ஆம்பின் பக்கத்தில் குந்தி, ஒயரைக் கையில் எடுத்து நுனிவரை உருவினான். "பிளக் புதுசா இருக்கே. நீங்க போட்டதா? ஒருக்கா திறந்து பாத்துக்கறேண்ணே, நீங்க போட்டதுல தப்பிருக்காது, இருந்தாலும் மனசு கேக்கல." சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

பின்னாளில் இதை யோசிக்கும்போதெல்லாம், நானாகத்தான் உண்மையைச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ள அவர் ஆசைப்பட்டார். முடிந்ததில்லை. திருகாணி ஒரு சுற்று சுற்றிய பிறகுதான் அவர் வாய் திறந்தது.

"அதுல எர்த் இல்ல" என்றார்.

அவன் கை நின்றது.

"எதுவும் இல்ல. நான் பெட்டியத் திறக்கவே இல்ல. உன் லைன்ல ஒண்ணும் இல்லப்பா. எனக்கு நேத்தே தெரியும்."

எட்டு மாதக் கதையும் தானாக வெளியே வந்தது. அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டான். முடிந்ததும், திட்டாமல், வேலைக்காரன் வேலைக்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னான்: "அண்ணே, ரெண்டு பின்னா இருந்தப்ப திருப்பிச் செருகினா பாதி நேரமாவது தப்பிச்சிருக்கும். மூணு பின் ஒரே பக்கமாத்தான் போகும். நீங்க அதப் போட்டதுனாலதான் ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குக் கரண்ட் வந்திருக்கு. கிடார் தந்தியும் பெட்டியோட சேர்ந்ததுதானே, எர்த் ஆன மைக்குல அந்தப் பொண்ணு உதடு பட்டதும் பாஞ்சிருக்கு."

இதை அவர் யோசித்திருக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

இருவரும் மச்சான் வீட்டுக்குப் போனார்கள். பாப்பா வீங்கிய உதட்டோடு சோபாவில் படுத்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மனைவியும் அங்கே இருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே வால்வுக்காரர் சொல்லி முடித்தார். பாப்பா எழுந்து உள்ளே போய்விட்டாள். மனைவி அவளோடு போனாள். போகும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மச்சான் நேராகப் போய் எலெக்ட்ரீஷியனின் கையைப் பிடித்துக்கொண்டார். "சட்டையப் புடிச்சுட்டேன் தம்பி, மன்னிச்சுக்க." அதற்குப் பிறகுதான் இவர் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று இவர் காத்திருந்தார்.

"அன்னைக்கு நான் வாசிச்சுட்டு ஆகா ஓகோன்னு சொன்னேனே மாப்ள. அப்போ உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"ஐயோ, இல்ல மச்சான்."

"மைக்ல வேற சொன்னேன்."

அவ்வளவுதான் கேட்டார். அடித்திருக்கலாம் என்று வால்வுக்காரருக்குத் தோன்றியது.

அன்றைக்கே அரங்கத்துக்குப் போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னார். வாயால் சொன்னால் போதாது, எழுதித் தாருங்கள் என்றார் மேனேஜர். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எலெக்ட்ரீஷியனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரு வாரத்துக்குள் பூக்கடைவரை விஷயம் தெரிந்துவிட்டது.

ஆம்பைத் தூக்கிப் போடச் சொன்னார் மச்சான். எலெக்ட்ரீஷியன்தான், "தப்பு ஆம்ப் மேல இல்லீங்களே" என்று தடுத்தான். அடுத்த சனிக்கிழமை வால்வுக்காரர் அவனைக் கூப்பிட்டு, "நான் திறக்கறப்ப பக்கத்துல நில்லுப்பா" என்று கேட்டார். இதைக் கேட்பது, எழுதிக் கொடுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. மச்சானும் வந்து ஷட்டர் ஓரம் உட்கார்ந்தார்.

பலகையைக் கழற்றும்போது வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. தேங்கிய மின்சாரத்தை வடிக்க, ரெசிஸ்டர் கட்டிய கம்பியைக் கபாசிட்டர்வரை கொண்டுபோய் இரண்டு தடவை திரும்ப இழுத்துக்கொண்டார். "ஒரு கைய பாக்கெட்ல வைங்கண்ணே, ஷாக் அடிச்சாலும் நெஞ்சு வழியாப் போகாது. நான் மீட்டரப் பாக்கறேன்" என்றான் எலெக்ட்ரீஷியன். முந்நூற்றுச் சொச்சத்திலிருந்து எண் இறங்கியது. பூஜ்யம் வந்த பிறகும் அவன் இன்னொரு தடவை பார்த்தான். பெட்டிக்கும் மின் ஒயருக்கும் நடுவே இருந்த சின்னக் கபாசிட்டர் வெந்து உள்ளே ஒட்டிப்போயிருந்தது. பெட்டிக்குக் கரண்ட் வந்தது அதன் வழியாகத்தான். முதலில் அதை வெட்டி எடுத்தார். மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தை இரும்பில் போல்ட்டு வைத்து இறுக்கினார். பிறகு காகிதத்தில் வரைந்திருந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்தார். நாலு மணி நேரம் ஆயிற்று.

மச்சான் கிடாரைச் செருகித் தந்திகளைச் சேர்த்து ஒரே ஒருமுறை மீட்டினார். இந்தத் தடவை சத்தம் உண்மையிலேயே மாறியிருந்தது. கனத்த தந்தி தனியாகவும் மெல்லிய தந்தி தனியாகவும் நின்றன. மச்சானின் கை அப்படியே நின்றதைப் பார்த்தபோது அவருக்கும் அது கேட்டுவிட்டது என்று தெரிந்தது. "ம்" என்றார். கண்ணை மூடவில்லை. ஒயரைச் சுருட்டினார். வால்வுக்காரர் ஒரு பக்கம் பிடிக்கக் குனிந்தார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மச்சான் அதைத் தனியாகவே தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனார்.

கடை இப்போதும் நடக்கிறது. வால்வு ஆம்ப் கொண்டுவருகிறவர்களிடம், "தனியாத் திறக்க எனக்குப் பயம். சனிக்கிழமை ஒருத்தர் வருவார், அப்ப வாங்க" என்கிறார். சிலர் சிரித்துவிட்டு வேறு இடம் பார்க்கிறார்கள். சிலர் சனிக்கிழமை வருகிறார்கள். மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனால் யார் முன்னாலும் அவர் கையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மூன்று மாதம் கழித்து மச்சானுக்கு இன்னொரு மேடை கிடைத்தது. யாரும் இவரைக் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பாப்பா அப்பாவின் கிடாரை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்தாள். பாடுவதற்கு முன்னால் வலது கை விரல்களை மடக்கி, அவற்றின் பின்புறத்தால் மைக்கை ஒருமுறை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு சாண் தள்ளி நின்று பாடினாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அரங்கம் கைதட்டியது. அவரும் தட்ட வேண்டும் என்றுதான் நினைத்தார்.