கேட்கமாட்டாள் என்ற தைரியம்

“கடவுளே இல்லைன்னு சொல்றவனுக்கு வெறுமை மட்டும் எங்கேர்ந்து சார் வருது?” என்று மாணவி சிந்துஜா கேட்டபோது மாறனுக்கு முதலில் வந்தது கொட்டாவிதான். வருடக்கணக்கில் நடத்திச் சலித்த மேலைத் தத்துவப் பாடம். பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. எதற்கும் அர்த்தமில்லை என்கிற நிகிலிசம் தேவாலயத்துக்குள் பிறந்த பிள்ளை. எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டென்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த வீட்டில்தான், அர்த்தம் போனதும் அத்தனை பெரிய ஓட்டை விழுந்தது. முதலிலிருந்தே நம்பாதவனுக்கு இழக்க என்ன இருக்கிறது? சொல்லி முடித்ததும் மணி அடித்தது.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மனைவி ஓவியா கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தன் தம்பி இளவரசனுக்குச் சிறுநீரகம் கெட்டதிலிருந்து பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலை சுற்றியவள். “கல்லச் சுத்தினா கிட்னி வந்துடுமா?” என்று மாறன் சீண்டுவான். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். புரட்டாசியில் இளவரசன் செத்துப்போனான். அதன்பிறகு மலையும் இல்லை, பூஜை மாடத்தில் விளக்கும் இல்லை. ஒரு பொட்டுக் கண்ணீர்கூட இல்லை; அதுதான் மாறனுக்குப் பயமாக இருந்தது. வாதத்தில் ஜெயித்தவன் வீடு இப்படியா இருண்டு கிடக்கும்?

“இன்னிக்கு பௌர்ணமி. மலைக்குக் கொண்டுபோய் விடட்டுமா?”

“எதுக்கு?”

வகுப்பில் அவன் சாமர்த்தியமாகக் கேட்கிற கேள்விதான்.

“நீங்கதான சொல்வீங்க, வெறும் கல்லுன்னு. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.” அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

“நீ கேக்கமாட்டன்ற தைரியத்துல சொன்னதும்மா அது.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவனுக்கே உறைத்தது. அவள் நம்பியதால்தான் இத்தனை வருடம் அவனால் நிம்மதியாக நம்பாமல் இருக்க முடிந்திருக்கிறது.

மாறன் எழுந்துபோய் மாடத்திலிருந்த அகலைத் துடைத்து எண்ணெய் ஊற்றினான். ஒரு திரியை எடுத்துப் போட்டு ஏற்றினான். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் அவன் விளக்கைத் தொட்டதில்லை.

ஓவியா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒத்தத் திரி போட்டிருக்கீங்க. சாவு வீட்ல, பொணத்துத் தலமாட்டுலதான் அப்படி ஏத்துவாங்க. சாமிக்கு ரெண்டு திரியச் சேத்துத் திரிக்கணும்.”

மாறன் பதறிப்போய் அணைக்கக் குனிந்தான்.

“வேணாம். எரியட்டும்.”

சுடர் காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது. ஓவியா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு பூண்டு நாறும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு விளக்குக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.