தேவசகாயத்தின் அளவு

ஆலைக்குப் பின்னால் இருந்த தெருவில் மனிதர்கள் சில சமயம் காற்றில் கரைந்தார்கள். அதை அளப்பது அமலோற்பவத்தின் வேலை.

தெருவின் ஒரு முனையில் கம்பத்தின் மேல் லேசர் பெட்டி. மறுமுனையில் கண்ணாடி. நடுவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் போய்த் திரும்பியது. ஒவ்வொரு வாயுவும் அந்த ஒளியில் தனக்கென்று ஒரு பங்கை விழுங்கும். குறைந்து வந்த ஒளியைக் கொண்டு, விழுங்கியது யார், எவ்வளவு என்று பெட்டியின் திரை சொல்லும்.

செவ்வாய்க்கிழமை, அம்மோனியாவுக்குக் கீழே ஒரு புதுப் பெயர் வந்தது. தேவசகாயம். அவள் கணவன். காலையில்தான் இடியாப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டிருந்தான்.

அதிகாரி கோதண்டபாணிக்கு ஃபோன் செய்து சொன்னாள்.

“வரம்புக்குள்ள இருக்காரா?”

“இருக்காரு சார்.”

“அப்ப ஏம்மா கூப்பிட்டீங்க?”

வீட்டுக்கு ஓடினாள். தேவசகாயம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் மார்பு வழியாக நாற்காலியின் பின்னல் தெரிந்தது.

“வலிக்குதா?”

“இல்ல. லேசா இருக்கு. ஃபேன மட்டும் போட்டுடாத.”

ஜன்னல்களை எல்லாம் சாத்தினாள். அவன் கதவிடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு ராஜாத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். “அக்கா, உங்க வூட்டுக்காரரு எங்க சமையல்கட்டுல இருக்காரு. கொழம்பெல்லாம் அவரு வாசனை.”

“கோச்சுக்காத ராஜாத்தி.”

மதியம் நாற்காலியில் சட்டை மட்டும் இருந்தது. கோதண்டபாணியே நேரில் வந்துவிட்டார். பின்னால் ஒரு லாரி. அதன் மேல் வீட்டளவு காற்றாடி.

“வரம்பு தாண்டிட்டாரும்மா. கடல் பக்கம் ஊதித் தள்ளிடுவோம்.”

“கொஞ்சம் பொறுங்க சார்.”

“காத்து பொறுக்குமா?”

அமலோற்பவம் நடுத்தெருவுக்குப் போனாள். கதிர் போகும் இடத்தில் நின்றாள். கந்தக நெடிக்கும் மீன் கவிச்சிக்கும் நடுவே அவன் கழுத்தின் வாசனையைத் தேடினாள். கிடைத்தது. மூச்சை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். வீடுகளின் திரைச்சீலைகள் அவள் பக்கம் சாய்ந்தன. பறந்துகொண்டிருந்த காகம் ஒன்று பின்னோக்கி வந்தது. பெட்டியின் திரையில் அவன் பெயர் மெல்ல மங்கி மறைந்தது.

வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“சுத்தம்,” என்றார் கோதண்டபாணி. லாரி திரும்பிப் போயிற்று.

இருமல் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து வீட்டுக்கு நடந்தாள். ராஜாத்தி தன் வாசலில் நின்றிருந்தாள்.

“சாப்ட்டாச்சா அக்கா?”

அமலோற்பவத்தின் உதடு பிரியவில்லை.

“ஆச்சும்மா,” என்றது தேவசகாயத்தின் குரல், அவள் விலா எலும்புகளுக்குள்ளிருந்து.

ராஜாத்தி தலையாட்டினாள். உள்ளே போய், சத்தம் வராமல் கதவைத் தாழிட்டாள்.